ஸ்கோர் புக் இல்லாத ஊர்

‘லப்பர் பந்து’ படத்தில் நடக்கும் அத்தனை சண்டையும் ஒரு பேச்சிலிருந்து கிளம்புகிறது. ‘கெத்து’ என்று சுற்றுவட்டாரமே கொண்டாடும் நடுவயது பேட்ஸ்மேன் ஒருவர். அவருடைய ஆட்டத்தில் இருக்கும் ஒரு குறையை அன்பு என்ற இளைஞன் போகிற போக்கில் சொல்கிறான். அது கெத்துவின் காதில் விழுகிறது. அதன்பிறகு ஒரு குடும்பம், ஒரு காதல், இரண்டு மூன்று அணிகள் எல்லாமே அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

தமிழரசன் பச்சமுத்துவின் இந்த முதல் படம் 2024 செப்டம்பரில் வெளிவந்தபோது, ‘ஈகோ மோதல்’ என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல் போதவில்லை. ஈகோ எல்லா ஊரிலும் இருக்கிறது, எல்லா ஆட்டத்திலும் இருக்கிறது. ஒரு விமர்சன வரி ஒரு மனுஷனை இவ்வளவு ஆழமாக வெட்ட வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும். டெண்டுல்கரின் பேட்டிங்கில் ஓட்டை இருக்கிறது என்று டீக்கடையில் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அவருடைய 15,921 டெஸ்ட் ரன்கள் அசையப்போவதில்லை. அவை எங்கோ எழுதப்பட்டிருக்கின்றன. கெத்துவுக்கு அப்படி எதுவும் கிடையாது. இருபது வருஷம் ஆடியிருப்பார், எத்தனை ரன் என்று அவருக்கே தெரியாது. அவருடைய சராசரி, ஸ்டிரைக் ரேட், சாதனை எல்லாம் ஊர் வாயில்தான் இருக்கின்றன. அந்த வாய் ஒருமுறை மாற்றிப் பேசினால் ரெக்கார்டே திருத்தப்படுகிறது.

கிராமத்துக் கிரிக்கெட்டைப் பற்றிய நம் படங்களை இந்த ஒரு கோணத்தில் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. எழுதி வைக்கப்படாத ஓர் ஆட்டத்தில் ஒருவனுடைய பெயர் யார் வாயில் நிற்கிறது? யார் வாய் அதைச் சொல்ல மறுக்கிறது?

*

திருவண்ணாமலைப் பக்கம் அறுப்பு முடிந்து ஏரி வற்றினால் சீசன் ஆரம்பம். பொங்கலையொட்டி ஒன்று, சித்திரை வெயிலில் ஒன்று என்று ஊருக்கு ஊர் டோர்னமென்ட் வைப்பார்கள். பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ், முச்சந்தியில் ஃபிளெக்ஸ். முதல் பரிசு யார் கொடுக்கிறார், இரண்டாம் பரிசு யார் கொடுக்கிறார், கோப்பை யாருடைய நினைவாக, எல்லாம் அதில் இருக்கும். ஆடப்போகிறவன் பெயர் மட்டும் இருக்காது. ஏரிக்குள் ஒரு பக்கம் வெடித்துக் கிடக்கும் களிமண், இன்னொரு பக்கம் கருவேல முள். நடுவில் மண்ணைக் கெட்டித்து ஒரு பிட்ச். சுண்ணாம்புத் தூளில் கோடு. ஆறு ஓவரோ எட்டு ஓவரோ, அன்றைக்கு வந்திருக்கும் டீம்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பெரும்பாலும் தூரத்தில் மலை தெரியும்.

விதிகளும் அந்தந்த ஊர் விதிகள்தான். அந்தத் தென்னைமரத்தைத் தாண்டினால் நாலு, கிணற்றில் விழுந்தால் அவுட், எல்பிடபிள்யூ கிடையாது. அம்பயர் பேட்டிங் டீமிலிருந்தே வருவார். அதனாலேயே வைடுக்கும் ரன் அவுட்டுக்கும் கால் மணி நேரம் வாக்குவாதம். “அழுகுணி ஆட்டம் ஆடாதீங்கடா” என்று யாராவது ஒரு பெரியவர் கத்தும்வரை நடக்கும்.

தோல் பந்து என்றால் பேட், கிளவுஸ், ஹெல்மெட், நல்ல பிட்ச் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். ரப்பர் பந்தும் டென்னிஸ் பந்தும் அந்தச் செலவைக் கேட்பதில்லை. படத்தின் தலைப்பு இங்கேதான் சரியாக உட்காருகிறது. ‘ர’ தமிழில் சொல்லின் முதலில் வராது என்று இலக்கணம் சொல்லும். நம் ஜனங்கள் இலக்கணம் படிக்காமலேயே ரப்பரை ‘லப்பர்’ ஆக்கிக்கொண்டார்கள். கிரிக்கெட்டையும் அதே மாதிரிதான் தங்கள் வாய்க்குத் தகுந்தபடி திருப்பிக்கொண்டார்கள்.

ஸ்கோர் எழுதுகிற நோட்டு இருக்கத்தான் செய்யும். ஆனால் அது அன்றைய ஆட்டத்துக்கு மட்டும். யாரோ ஒரு பையனுடைய பழைய பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்கள். டார்கெட் என்ன என்று தெரிந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. என் தொழிலில் சர்வர் விழுந்தால் முதலில் தேடுவது லாக் ஃபைலைத்தான். என்ன நடந்தது என்று அதுதான் சொல்லும். ஏரிக்குள் நடந்த ஆட்டத்துக்கு லாக் கிடையாது. மைக்கில் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும் அண்ணன் சொன்னதும், பார்த்தவன் போய்ச் சொன்னதும்தான் மிச்சம். ‘லப்பர் பந்து’வில் கெத்து மட்டை பிடிக்க வரும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் விஜயகாந்த் பாட்டு போடுகிறார்களே, அது வெறும் ஜாலிக்கு வைத்த பில்டப் இல்லை. அந்தப் பாட்டுதான் அவருடைய ஸ்கோர் கார்டு. இந்த மனுஷன் இதற்கு முன்னாலும் அடித்திருக்கிறான் என்று மைதானத்துக்கு ஞாபகப்படுத்துகிற ஒரே ஆவணம்.

கெத்துவின் கிரிக்கெட்டுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது அவர் மனைவி யசோதையின் மனதில் இருக்கிறது. ஆட்டத்துக்குப் போன நாட்கள், அந்த நாட்களில் வராமல்போன கூலி, சொன்ன பொய்கள். ஊர் எழுதாத ரன்களுக்குப் பக்கத்தில் வீடு எழுதிய பற்று. ஸ்வாசிகா அந்தப் பாத்திரத்தில் அவ்வளவு நன்றாக நிற்பதற்குக் காரணம், அவர் கணக்கு சரியான கணக்கு என்பது.

*

இரண்டு ஊர்கள் மோதிக்கொள்வதும் அதில் நின்றவன் பெயரை நிறுத்தி வைக்க ஆசைப்படுவதும் எங்கள் மாவட்டத்தில் ரொம்பப் பழைய சங்கதி. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களின் கல்வெட்டுகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு புத்தகமாக வெளியிட்டது. பல்லவர் காலக் கற்கள் பல. அவற்றில் பெரும்பாலும் சொல்லப்படுவது ஒரே கதைதான்: ஒரு ஊர்க்காரர்கள் இன்னொரு ஊர் மாட்டைக் கவர்ந்தார்கள், அதை மீட்கப் போன இன்னார் செத்துப்போனான். ராஜா பெயரும் ஆட்சியாண்டும் மேலே இருக்கும். கதை மட்டும் அந்தச் சின்ன ஊரின் கதை.

எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். மாடு மீட்கும் சண்டையில் செத்த வீரனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். திருட வந்தவர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். அதன் பெயர் கோவிவன். ஆயிரத்து முந்நூறு, நானூறு வருஷம் கழித்தும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

இதைச் சொல்வது கிரிக்கெட்டை வீரயுகத்தோடு ஒப்பிட்டுப் பெருமை பேச இல்லை. ஆறு ஓவர் ஆட்டத்தில் யாரும் சாவதில்லை. எழுதி வைத்தல் எப்போதும் யாரோ எடுக்கும் முடிவு என்பதற்காகச் சொல்கிறேன். ஊர் நினைத்தால் நாயின் பெயரும் கல்லில் ஏறும். ஊர் நினைக்காவிட்டால் எதிர் டீமை ஒற்றை ஆளாகச் சுருட்டியவன் பெயர்கூட அடுத்த வருஷம் மைக்கில் வராது.

*

இப்போது அன்புவிடம் வரலாம். அவன் நன்றாக ஆடுவான், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சொந்த ஊர் டீமில் அவனுக்கு இடம் இல்லை. காரணம் சாதி. அதனால் வேறு வேறு டீமுக்கு கெஸ்ட் பிளேயராகப் போய் ஆடுகிறான். கெத்துவின் பெயர் ஊர் வாயில் இருக்கிறது, அன்புவின் பெயரை ஊர் வாய் எடுக்க மாட்டேன் என்கிறது. இருவருக்கும் இடையிலான சண்டையை இப்படிப் பார்த்தால் அதன் எடை மாறிவிடுகிறது. பெயரை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவரும், பெயரே கிடைக்காதவனும் மோதிக்கொள்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் ‘ஊர்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். வெளியாள் கேட்டால் எல்லாம் ஒரே ஊர். உள்ளே வந்தால் ஊர் வேறு, காலனி வேறு. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதல்முறையாகக் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 30 அன்று, போலீஸ் பாதுகாப்போடும் மாவட்ட நிர்வாகத்தின் முன்னிலையிலும். இப்படிப்பட்ட நிலத்தில் ‘ரெண்டு ஊருக்கும் மேட்ச்’ என்று ஒருவர் சொன்னால், அந்த ஊருக்குள் யார் யார் அடங்குவார்கள் என்பதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். டாஸ் போடுவதற்கு முன்னாலேயே ஒரு ஆட்டம் நடந்து முடிந்துவிடுகிறது. அது பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்கிற ஆட்டம்.

‘லப்பர் பந்து’ இதைத் தைரியமாகவே எடுத்துக்கொள்கிறது, அதில் சந்தேகமில்லை. என் குறை வேறு. படம் அந்த மறுப்பை முக்கியமாக ஒரு ஆளின் மேல் ஏற்றிவிடுகிறது. அவன் முறைக்கிறான், குத்திப் பேசுகிறான், நமக்கு அவன் மேல் கோபம் வருகிறது. கடைசியில் கோபம் தீர்ந்து நாம் வெளியே வந்துவிடுகிறோம். நான் பார்த்த ஏரிகளில் இதற்கு வில்லன் தேவைப்பட்டதே இல்லை. “டீம் ஃபுல்லு தம்பி, அடுத்த மேட்ச் பாத்துக்கலாம்.” இவ்வளவுதான். சொன்னவர் நல்லவர், சிரித்த முகம், கையில் ஐஸ் வாங்கிக் கொடுத்தும் அனுப்புவார். அடுத்த மேட்சுக்கும் டீம் ஃபுல்லாகவே இருக்கும். எதிர்த்துச் சண்டை போட அங்கே ஆள் கிடையாது, வாக்கியம் மட்டும்தான் இருக்கிறது. ஒரு வாக்கியம் ஒருவனைக் குத்துவதை அவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய படம், இந்த இன்னொரு வாக்கியத்தையும் கேட்டிருக்கலாம்.

*

எந்த டீம் உன்னைச் சேர்த்துக்கொள்ளும் என்ற கேள்வியைக் கிரிக்கெட் எழுத்தில் மிக நேர்மையாகக் கேட்டவர் டிரினிடாட்காரரான சி.எல்.ஆர். ஜேம்ஸ். 1963இல் வெளிவந்த ‘பியாண்ட் எ பவுண்டரி’ புத்தகத்தில் அவர் ஊர் கிளப்புகளை வரிசையாக வைக்கிறார். வெள்ளைக்காரர்களுக்கு ஒன்று, மாநிறத்து நடுத்தர வர்க்கத்துக்கு மேப்பிள், கறுப்பினக் கீழ்நடுத்தர வர்க்கத்துக்கு ஷானன், அதற்கும் கீழே உழைக்கும் மக்களுக்கு ஸ்டிங்கோ. தோலின் நிறத்தைப் பார்த்தே ஒருவன் எந்தச் சட்டை போடுவான் என்று சொல்லிவிடலாம். ஜேம்ஸ் மேப்பிளில் சேர்ந்தார். அந்த முடிவு தன்னைச் சாதாரண மக்களிடமிருந்து விலக்கியது, தன் அரசியல் வளர்ச்சியையே தாமதப்படுத்தியது என்று பிற்பாடு எழுதினார். ஒரு கிளப்பில் சேர்ந்ததை இவ்வளவு பெரிய விஷயமாக எழுத முடியும் என்பதை அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நம் நாட்டுக் கதை இதைவிடக் கசப்பானது. பல்வங்கர் பாலு சமார் சாதியில் பிறந்தவர். புனேவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதான வேலை பார்த்தார். வலையில் அவர்களுக்குப் பந்து போட்டுப் போட்டே பெரிய இடதுகைச் சுழல்பந்து வீச்சாளர் ஆனார். அந்த வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்க வேண்டும் என்பதற்காக அதே ஊரின் இந்து கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பந்தலுக்கு வெளியே தனியாக மண் குவளை. ராமச்சந்திர குஹா இதை விரிவாக எழுதியிருக்கிறார். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் பாலு 114 விக்கெட் எடுத்தார். அவருக்குக் கடைசிவரை இந்து அணியின் நிரந்தரக் கேப்டன் பதவி கிடைக்கவில்லை. தம்பி விட்டலுக்கு 1923இல் கிடைத்தது.

பாலுவின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் திறமையை முதலில் அறிந்தவர்கள் எதிரே மட்டையோடு நின்றவர்கள் என்பது. சொந்த ஆட்களுக்கு அவர் தேவைப்பட்டது பிறகுதான். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை கதவைத் திறந்தது. டீ நேரத்தில் கதவு திரும்ப மூடிக்கொண்டது. ‘லகான்’ படத்தில் (2001) கச்ராவை ஊர் ஏற்றுக்கொள்ள நாயகனின் ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது. பாலுவுக்கு நூறு விக்கெட் எடுத்தும் அது நடக்கவில்லை. அன்பு நிற்பது கச்ரா பக்கத்தில் அல்ல, பாலு பக்கத்தில்.

*

அதே 2024இல், ‘லப்பர் பந்து’வுக்கு எட்டு மாதம் முன்னால், எஸ். ஜெயக்குமார் இயக்கிய ‘ப்ளூ ஸ்டார்’ வந்தது. அரக்கோணம், தொண்ணூறுகள். ஒரே ஊர், இரண்டு டீம்: காலனியின் ப்ளூ ஸ்டார், ஊரின் ஆல்ஃபா. பழைய ஒரு மோதலால் இரண்டும் நேருக்கு நேர் ஆடக்கூடாது என்ற நிலை. என்னைக் கேட்டால் தமிழில் கிராமத்துக் கிரிக்கெட்டுக்குக் கிடைத்த மிகச் சிறந்த தொடக்கம் இதுதான். ஆடப்படாத ஒரு மேட்ச்! இரண்டு டீமும் தினமும் பார்த்துக்கொள்கிறார்கள், ஒருவன் ஆட்டம் இன்னொருவனுக்கு அத்துப்படி, ஆனால் மோத முடியாது. அந்த இறுக்கத்தில் முதல் பாதி நன்றாக நகர்கிறது.

பிறகு படம் வெளியே ஓர் எதிரியைத் தேடிப் போகிறது. தோல் பந்து, வெள்ளை உடை, கிளப் கிரிக்கெட்காரர்களின் ஏளனம். அவமானப்பட்ட இரண்டு தரப்பும் ஒன்றாகி அவர்களை எதிர்க்கிறது. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஊர்ப்பையன்களையும் காலனிப்பையன்களையும் ஒரே சட்டையில் பார்ப்பது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் பாதி கேட்ட கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது. வெளியாள் வந்தால் நாம் ஒன்று என்பது எல்லா ஊரும் ஒப்புக்கொள்கிற விஷயம்தான், இந்து கிளப் பாலுவைச் சேர்த்ததும் அப்படித்தான். வெளியாள் போன பிறகு என்ன என்பதுதான் கேள்வி.

‘ஜீவா’ (2014), ‘கனா’ (2018) போன்ற படங்களுக்குக் கிராமமும் தெருவும் ஏணியின் முதல் படி. மேலே ஏறிவிட்டால் ஜெயம். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து ஆடி வளர்ந்த நடராஜன், 2020–21 ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே மூன்று வடிவங்களிலும் அறிமுகமானபோது நாமெல்லாம் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் நடராஜன் ஒருவர். ஏரிகள் ஆயிரக்கணக்கில். மேலே போகவே போகாத ஆட்டக்காரனுக்கு என்ன கதை? 2007இல் ‘சென்னை 600028’ அதற்கு ஒரு பதில் வைத்திருந்தது: நண்பர்கள், அரட்டை, கடைசியில் பொடிப்பையன்களிடம் தோல்வி. தோற்றாலும் ஒன்றுமில்லை என்ற அந்த லேசு எனக்கு இன்றும் பிடிக்கும். தோற்றால் ஒன்றுமில்லை என்று சொல்ல முடிகிறவர்களின் கதை அது.

‘லப்பர் பந்து’வில் யாரும் இந்தியாவுக்கு ஆடப்போவதில்லை. அப்படியிருந்தும் ஒவ்வொரு பந்துக்கும் எடை இருக்கிறது. இந்தப் படத்தை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது இதற்காகத்தான்.

*

அன்பு சொன்ன அந்தக் குறைக்குத் திரும்புகிறேன். ஒரு பேட்ஸ்மேனின் ஆட்டத்தில் இருக்கும் ஓட்டை சும்மா பார்த்தால் தெரியாது. கைதட்டுகிறவன் கண்ணுக்கு சிக்ஸர்தான் தெரியும். ஓட்டை தெரிய வேண்டுமென்றால் பல ஆட்டம் பார்த்திருக்க வேண்டும், அவர் காலை எங்கே வைக்கிறார், எந்தப் பந்தை விடுகிறார், எதைத் தொடாமல் தப்பிக்கிறார் என்று கவனித்திருக்க வேண்டும். ஊரில் கெத்துவை மிக உன்னிப்பாகப் பார்த்தவன் அன்புதான். கெத்துவின் ஸ்கோர் புக் உண்மையில் அவன் கையில்தான் இருக்கிறது. அவமானம் என்று கெத்து எடுத்துக்கொண்டது, அவருக்குக் கிடைத்த ஒரே எழுத்துபூர்வமான மரியாதை மாதிரி. அதைப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு முழுப் படம் தேவைப்படுகிறது.

விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. “சூப்பர்ணே” என்று சொல்லிப் போகிறவன் பார்க்காமலேயே அதைச் சொல்லலாம். குறை சொல்ல வந்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதேசமயம் எழுதி வைக்கப்படாத ஒரு மனுஷனைப் பற்றிப் பேசும்போது, நம் ஒரு வரி அவன் மொத்த ரெக்கார்டாகவும் மாறிவிடும் என்ற பயமும் வேண்டும்.

இப்போது ஊர் ஆட்டங்களுக்கும் ஆப் வந்துவிட்டது. யாராவது ஒரு பையன் போனில் பந்துக்குப் பந்து ஸ்கோர் ஏற்றுகிறான். யூடியூபில் நேரலை போகிறது. இனி ஏரிக்குள் அடித்த ரன்னும் எங்கோ ஒரு டேட்டாபேஸில் இருக்கும், இருபது வருஷம் கழித்து ஒரு கெத்து தன் மகளுக்கு எடுத்துக் காட்டலாம். தொழில் காரணமாக எனக்கு இதில் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஆப்பில் எதையும் ஏற்றுவதற்கு முன்னால் முதலில் ஒரு பட்டியல் கேட்கும். பதினோரு பெயர். அதில் இல்லாதவனுக்கு அது பூஜ்யம்கூடப் போடாது. அந்தப் பட்டியல் இன்னமும் மரத்தடியில்தான் எழுதப்படுகிறது. எழுதுகிறவர் நல்லவர், சிரித்த முகம்.